குடோன் நிறையச் சரக்கு இருந்தும் அசெம்பிளி நிற்பது ஏன்? மென்பொருள் அதைத் தீர்க்குமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். கோவை கணபதியில் எழுபது பேர் வேலை செய்யும் மோனோபிளாக் பம்ப்செட் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இணைந்தது) தொழிற்சாலை நடத்துகிறீர்கள். கேஸ்டிங் (உருக்கி வார்த்த பாகம்) பவுண்டரியிலிருந்து, அதாவது வார்ப்பாலையிலிருந்து வருகிறது. கடைசல், கிரைண்டிங், பிளேட்டிங் எல்லாம் கூலிக்குச் செய்துதரும் நாற்பதுக்கும் மேற்பட்ட ஜாப் ஒர்க் பட்டறைகளில் நடக்கின்றன. வைண்டிங்கும் அசெம்பிளியும் டெஸ்டிங்கும் உங்களிடம். பன்னிரண்டு லட்ச ரூபாய்க்கு ஈ.ஆர்.பி. மென்பொருள் (கொள்முதல், இருப்பு, விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் இணைப்பது) விற்க வந்தவர், அதைப் போட்டால் லீன் முறை (விரயத்தைக் குறைத்து, தேவையானதை மட்டும் செய்வது) தானாக வந்துவிடும், சரக்கு இருப்பு பாதியாகும் என்கிறார். உங்கள் ஆடிட்டர் டேலி கணக்கு மென்பொருளே போதும் என்கிறார். திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனத்தில் இருக்கும் உங்கள் மைத்துனர், கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள், கான்பான் அட்டை (எடுத்த அளவுக்கு மறுபடி நிரப்பச் சொல்லும் அட்டை) போடுங்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி. ஆனால் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: குடோன் நிறைய வால்யூட் (பம்பின் வெளிக்கூடு) கேஸ்டிங் கிடக்கிறது, ஆனாலும் தினமும் ஏதோ ஒரு பாகம் இல்லாமல் அசெம்பிளி நிற்கிறது. எனக்கு அந்த வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. மென்பொருளா அட்டையா என்பதை அதற்குப் பிறகுதான் பேச முடியும்.

நான் மெக்கானிக்கல் எஞ்சினியர். பம்ப், மோட்டார், பவுண்டரி என்று கோவையிலும் சுற்றுப்புறத்திலும் இருபத்து நான்கு ஆண்டுகள் உற்பத்தித் திட்டமிடல் வேலை பார்த்தவன். மூன்று இடங்களில் ஈ.ஆர்.பி. போடும்போது உள்ளிருந்து பார்த்திருக்கிறேன்; அதில் ஒன்று பாதியில் நின்றுபோனது. கீழே சொல்வதில் கணக்காக நிரூபிக்கக்கூடியவை சில, சட்டப்படி உள்ளவை சில, அனுபவத்தில் கண்டு நான் நம்புகிறவை சில. எது எந்த வகை என்பதை அங்கங்கே குறிப்பிடுகிறேன். ஐந்நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் நான் பொறுப்பில் இருந்ததில்லை; பின்னலாடைத் தொழிலை வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன்.

லீன் என்பதும் ஈ.ஆர்.பி. என்பதும் இரண்டு வேறு ஊற்றுகளிலிருந்து வந்தவை. 1960-களில் அமெரிக்காவில் ஜோசப் ஆர்லிக்கி போன்றோர் உருவாக்கிய எம்.ஆர்.பி. என்னும் பொருள் தேவைத் திட்டமிடல் (விலைச்சீட்டில் அச்சிடும் எம்.ஆர்.பி.யோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்) ஈ.ஆர்.பி.யின் கரு. கார்ட்னர் நிறுவனம் 1990-இல் ஈ.ஆர்.பி. என்ற பெயரைச் சூட்டியபோது கணக்கு, கொள்முதல், விற்பனை எல்லாம் அதோடு சேர்ந்திருந்தன. அடுத்த மாதம் 1,500 பம்ப் வேண்டுமென்றால் எந்தப் பாகம் எத்தனை, அதற்கு எந்தத் தேதியில் ஆர்டர் போட வேண்டும் என்று அது கணக்கிடும்: பாகப் பட்டியலை விரிக்கும், கையிருப்பைக் கழிக்கும், தேதியைப் பின்னோக்கி எண்ணும். அந்தத் திட்டம் சரியோ தவறோ, சரக்கு அதன்படி உள்ளே தள்ளப்படும். டொயோட்டாவில் டாய்ச்சி ஓனோ இரண்டாம் உலகப் போருக்குப் பின் வளர்த்த முறை எதிர்த் திசையில் இயங்கியது. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் வாடிக்கையாளர் எடுத்த அளவுக்கு மட்டும் தட்டை மறுபடி நிரப்புவதைப் போல, அடுத்த நிலையம் எடுத்த அளவுக்கு மட்டுமே முந்தைய நிலையம் செய்ய வேண்டும் என்று அவர் வகுத்தார். "எடுத்தாயிற்று" என்ற செய்தியைச் சுமந்து திரும்பும் அட்டைதான் கான்பான். இந்த உற்பத்தி முறைக்கு லீன் என்ற பெயரை 1988-இல் ஜான் கிராஃப்சிக் என்ற ஆய்வாளர் எழுதினார். ஒன்று முன்கூட்டிக் கணக்கிட்டுத் தள்ளுகிறது, மற்றது எடுத்த பிறகு இழுக்கிறது. ஆகவே முதலாவதை வாங்கினால் இரண்டாவது தானாக வரும் என்று சொல்பவர் இரண்டில் ஒன்றை அறியாதவராக இருக்க வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே கூரையின் கீழ் வாழ முடியாது என்று உங்கள் மைத்துனர் நினைப்பதும் சரியில்லை.

இனி உங்கள் குடோன். உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். 1961-இல் ஜான் லிட்டில் கணித முறையில் நிறுவிய ஒரு விதி உண்டு: ஓர் அமைப்புக்குள் சராசரியாகக் கிடக்கும் சரக்கு, ஒரு நாளில் அதிலிருந்து வெளியேறும் எண்ணிக்கையை ஒரு பொருள் உள்ளே தங்கும் நாட்களால் பெருக்கினால் வருவது. நீங்கள் நாளொன்றுக்கு 60 பம்ப் அனுப்புகிறீர்கள், எல்லா நிலைகளிலும் சேர்த்து 1,800 வால்யூட் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு வால்யூட் உங்களிடம் 30 நாள் தங்குகிறது. அந்த 30 நாளில் அதன் மேல் கருவி படும் நேரம், கடைசலும் துளையிடலும் பெயின்டும் சேர்ந்து, சில மணி நேரத்தைத் தாண்டாது. மீதி முழுவதும் காத்திருப்பு. நாளைக்கு 60 என்ற விற்பனை மாறாத வரை, தங்கும் நாளைக் குறைப்பது ஒன்றே இருப்பைக் குறைக்கும் வழி. எந்த மென்பொருளும் இந்தப் பெருக்கலை மாற்ற முடியாது.

தங்கும் நாளை நீட்டுவதில் மென்பொருளே எப்படிக் கூட்டாளியாகிவிடும் என்பதைப் பாருங்கள். பவுண்டரிக்காரர் எட்டு நாளில் கேஸ்டிங் தருகிறார். ஒருமுறை தீபாவளி சமயத்தில் தாமதமானது நினைவிருப்பதால், மென்பொருளில் லீட் டைம் (ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வரும் வரை ஆகும் காலம்) 21 நாள் என்று பதிகிறீர்கள். மென்பொருள் மறுபேச்சில்லாமல் 21 நாள் முன்பே ஆர்டரைக் கொடுக்கும். சரக்கு எட்டாம் நாளில் வந்து 13 நாள் சும்மா கிடக்கும். நாளைக்கு 60 என்ற கணக்கில் அது 780 கேஸ்டிங். ஒன்று 800 ரூபாய் என்று வைத்தால் 6,24,000 ரூபாய். இந்தப் பணம் திரையின் ஒரேயொரு கட்டத்தில் யாரோ பயத்தில் தட்டச்சு செய்த ஓர் எண்ணால் முடங்கியது. இதில் ஒரு விஷச் சுழலும் உண்டு: எல்லா வாடிக்கையாளர்களும் இப்படி முன்கூட்டி ஆர்டர் போட்டால் பவுண்டரியின் வரிசை நீளும், எட்டு நாள் உண்மையிலேயே பதினைந்தாகும், அடுத்த முறை நீங்கள் 30 என்று பதிவீர்கள்.

குடோன் நிறைவதும் பாகம் இல்லாமல் போவதும் ஒரே காரணத்தின் இரு முகங்கள் என்பதற்கு பேட்ச் அளவு (ஒரே தடவையில் செய்யும் எண்ணிக்கை) இன்னொரு சான்று. ஒரு பேட்டர்னை (வார்ப்பு அச்சுக்கான மாதிரியை) ஏற்றினால் 300 ஊற்றினால்தான் கட்டுப்படியாகும் என்று பவுண்டரி சொல்கிறது, நீங்களும் ஒப்புக்கொள்கிறீர்கள். அந்த 300 வால்யூட் ஊற்றப்படும் நேரத்தில் உங்களுக்கு அன்று தேவையான எண்ட் ஷீல்டு (மோட்டாரின் பக்க மூடி) வரிசையில் காத்திருக்கிறது. தேவையில்லாததைச் செய்ததால் தேவையானது செய்யப்படவில்லை. ஓனோ ஏழு வகை விரயங்களில் மிகை உற்பத்தியை முதலில் வைத்ததன் காரணம் இதுதான். பேட்ச்சைக் குறைக்க வேண்டுமென்றால், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் செட்டிங் நேரத்தைக் குறைக்க வேண்டும். 1969-இல் டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ் ஒன்றின் அச்சு மாற்ற நான்கு மணி நேரம் ஆனது. ஷிகியோ ஷிங்கோ முதலில் அதை ஒன்றரை மணி நேரமாக்கினார், அடுத்த சில மாதங்களில் மூன்று நிமிடமாக்கினார். இயந்திரம் ஓடும்போதே செய்யக்கூடிய வேலைகளை, நின்ற பிறகுதான் செய்யக்கூடியவற்றிலிருந்து பிரித்தது அதில் முதற்படி. உங்கள் லேத் பட்டறைகளில் ஜிக்கையும் (பாகத்தைப் பிடித்து நிறுத்தும் சாதனம்) டூலையும் முன்கூட்டியே எடுத்து வைத்தாலே செட்டிங் நேரத்தில் கணிசமான பங்கு போய்விடும் என்பது என் அனுபவம். இது ஸ்பேனர் பிடிக்கும் கையின் வேலை. மென்பொருள் இதைச் செய்யாது. ஆனால் செட்டிங் குறைந்த பிறகு மென்பொருளுக்குள் இருக்கும் 300 என்ற எண்ணை யாராவது 80 என்று மாற்றியாக வேண்டும். நான் பார்த்த இடங்களில் அதை மாற்றுவதற்கென்று பொறுப்பான ஆளே இல்லை. தரையில் முன்னேற்றம் நடந்து ஓராண்டு கழித்தும் கணினி பழைய எண்ணிலேயே ஆர்டர் அடித்துக்கொண்டிருந்தது.

அடுத்து, இருப்புக் கணக்கின் துல்லியம். ஒரு பம்புக்கு 30 பாகம் என்று கொள்வோம். ஒவ்வொரு பாகத்தின் கணக்கும் 98 சதவீதம் நம்பகமானது என்றால் நல்ல ஸ்டோர்ஸ் என்றே எவரும் சொல்வார்கள். ஆனால் முப்பதும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கும் வாய்ப்பு, 0.98-ஐ முப்பது முறை பெருக்கினால், சுமார் 55 சதவீதம்தான். 95 சதவீத நம்பகம் என்றால் அது 21 சதவீதமாக விழுந்துவிடும். பாதியில் நின்றுபோன திட்டம் என்று மேலே சொன்னேனே, அது இங்கேதான் நின்றது. ஸ்டோர்ஸில் இருந்த பெரியவர் என்னிடம் வந்து, "ஏனுங்க சார், கம்ப்யூட்டர்ல நூத்தி நாப்பதுன்னு காட்டுதுங்க, ரேக்குல பாத்தா நாப்பதுதானுங்க இருக்குது" என்றார். நூறு கேஸ்டிங் ஒரு பட்டறைக்குப் போயிருந்தது. அவசரத்தில் டெலிவரி சலான் கையால் எழுதிக் கொடுத்தார்கள், கணினியில் ஏற்றவில்லை. இப்படி ஒரு மாதம் போனதும் சூப்பர்வைசர்கள் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தனித்தனி நோட்டு வைத்துக்கொண்டார்கள். ஒருமுறை நம்பிக்கை போய்விட்டால் அதை மீட்பது புதிதாகத் தொடங்குவதைவிடக் கடினம்.

இதற்கு ஒரு நல்ல பாடம் நம் ஊருக்குப் பழக்கமான தறியிலேயே இருக்கிறது. டொயோட்டா கார் செய்வதற்கு முன்பே, சாகிச்சி டொயோடா 1924-இல் முழுமைப்படுத்திய தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். பழுதான துணி ஒரு கெஜம்கூட ஓடாது. சோமனூர், பல்லடம் பக்கம் தறிச்சத்தத்தில் வளர்ந்த எவருக்கும் அந்த நிற்றலின் மதிப்பு தெரியும். மென்பொருளில் அதற்கு இணையானது, இருப்பு மைனஸில் போக விடாத அமைப்பு. பல இடங்களில் பில் போடும் அவசரத்துக்காக மைனஸ் இருப்பை அனுமதித்து வைத்திருப்பார்கள். இல்லாத 20 இம்பெல்லரை (பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரம்) எடுத்ததாகப் பதிந்துவிட்டு மேலே போக அது வழிவிடுகிறது. நூல் அறுந்த பிறகும் தறி ஓடுகிறது. முதல் நாளிலிருந்தே அதைத் தடுத்து வையுங்கள். முதல் இரண்டு வாரம் பெரும் தொல்லையாக இருக்கும், தினம் நாலு முறை பில் நிற்கும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் காரணத்தைத் தேடிப் போனால் உங்கள் தொழிற்சாலையில் சரக்கு எழுத்தில்லாமல் எங்கெங்கே நகர்கிறது என்பது தெரிந்துவிடும்.

இப்போது ஜாப் ஒர்க். உங்கள் கடிதத்தில் அதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். என் மதிப்பீட்டில் உங்கள் பணத்தின் பெரும்பகுதி அங்கேதான் கிடக்கிறது. டொயோட்டா முறையை விளக்கும் பாடங்கள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் இயந்திரங்களைக் கற்பனை செய்கின்றன. கொங்கு நாட்டின் தொழில் அப்படி வளரவில்லை. ஒரு லேத், இரண்டு லேத் வைத்து அண்ணன் தம்பி நடத்தும் பட்டறைகள் தெருத்தெருவாகப் பரவி, ஒரே இம்பெல்லர் கணபதிக்கும் பீளமேட்டுக்கும் குறிச்சிக்கும் டெம்போவில் சுற்றுகிறது. ஆகவே நம் உற்பத்தி வரிசை சாலையில் இருக்கிறது. அதில் எந்த இடத்தில் எத்தனை இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. சுவரில் மாட்டிய அட்டையும் அதைக் காட்டாது. மென்பொருள் நிச்சயமாகப் பயன்படும் முதல் இடம் இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

ஓர் எடுத்துக்காட்டு. சலான் எண் 412-இல் 100 இம்பெல்லர் கடைசலுக்குப் போகிறது. நான்கு நாள் கழித்து 60 வருகிறது. அடுத்த வாரம் 37 வருகிறது, ஆனால் அவர்கள் எழுதிய சலானில் வேறு வேலையின் 20 ஷாஃப்டும் சேர்ந்திருக்கிறது. மீதி மூன்று இம்பெல்லர்: இரண்டைக் கடையும்போது ப்ளோ ஹோல் (வார்ப்பில் விழுந்த காற்றுத் துளை) தெரிந்தது, ஒன்று அளவு தப்பியது. ப்ளோ ஹோல் இரண்டும் பவுண்டரியின் கணக்கில் போக வேண்டும், அவற்றுக்கான கடைசல் கூலியை யார் ஏற்பது என்ற பேச்சும் உண்டு. அளவு தப்பியது பட்டறையின் கணக்கு. இத்தனையும் நோட்டில் நடக்கும்போது, ஆண்டு முடிவில் ஒவ்வொரு பட்டறையோடும் உட்கார்ந்து "எங்களிடம் இல்லை", "உங்களிடம்தான் இருக்கிறது" என்று பேசித் தீர்க்கிறோம். ஒவ்வொரு பட்டறையையும் உங்கள் குடோனின் ஓர் அறையாக மென்பொருளில் வைத்து, சலான் வாரியாக நிலுவையைக் கழித்தால் இது நாள்தோறும் தீரும். சட்டமும் இதையே கேட்கிறது: ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143-ஆம் பிரிவின்படி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள், இயந்திரம் போன்ற மூலதனப் பொருள் மூன்றாண்டுக்குள் திரும்பியாக வேண்டும். இல்லையென்றால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதப்படும். ஜாப் ஒர்க்குக்குப் போய்வந்த சரக்கின் விவரம் தரும் ஐ.டி.சி.-04 படிவத்தை ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் மற்றவர் ஆண்டுக்கு ஒருமுறையும் தாக்கல் செய்ய வேண்டும். ஆடிட்டரிடம் இதைப் பற்றிப் பேசுங்கள்; வரிக்காக எப்படியும் எழுதியாக வேண்டிய கணக்கு, உற்பத்திக்கும் உதவட்டும்.

கணக்கு தெரிந்த பிறகு லீன் முறையை அங்கேயே புகுத்த முடியும், அதற்குப் புதிய செலவும் இல்லை. ஒவ்வொரு பட்டறைக்கும் ஓர் உச்சவரம்பு வையுங்கள்: இந்தப் பட்டறையில் எந்த நேரத்திலும் 120 இம்பெல்லருக்கு மேல் இருக்கக் கூடாது, 40 முடித்துத் திரும்பினால்தான் புதிதாக 40 போகும். இது அட்டையில்லாத கான்பான்தான். வரம்பைத் தாண்டிச் சலான் போட மென்பொருள் மறுக்கும்படி அமைத்துவிட்டால், "லேத் சும்மா நிற்குதுங்க, இன்னும் ரெண்டு மூட்டை அனுப்புங்க" என்ற வேண்டுகோளுக்கு இரங்கிச் சரக்கை வெளியே குவிக்கும் வழக்கம் நிற்கும். ஆனால் வேலையில்லாத நாளில் அந்தப் பட்டறையின் பிழைப்பு என்ன என்பதையும் நீங்கள்தான் யோசிக்க வேண்டும். நாளுக்கு நாள் ஏறி இறங்காத, வாரம் முழுதும் சமமான அளவில் வேலை கொடுப்பது டொயோட்டா முறையின் பிரிக்க முடியாத அங்கம். அதை விட்டுவிட்டு வரம்பை மட்டும் வைத்தால், உங்கள் குடோனில் கிடந்த சுமையைச் சிறு பட்டறைக்காரரின் தலையில் இறக்கியதாக ஆகும். பணம் கொடுப்பதும் அப்படியே. 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) வளர்ச்சிச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். 2023-24 நிதியாண்டு முதல் அப்படித் தராத தொகையைத் தந்த ஆண்டில்தான் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். ஆறு மாதக் கூலி பாக்கி வைத்துக்கொண்டு "மூன்று நாளில் 40 திருப்பு" என்று எவரையும் கேட்க முடியாது. இது சட்டத்துக்காக மட்டும் சொல்வதில்லை. பட்டறைக்காரர் யாருடைய வேலையை முதலில் லேத்தில் ஏற்றுகிறார் என்பதை நான் இருபது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஒழுங்காகப் பணம் தருபவரின் வேலை முதலில் ஏறுகிறது.

மைத்துனர் சொல்லும் அட்டைக்கு வருகிறேன். தொழிற்சாலை கேட்டுக்கு உள்ளே, ஸ்டோர்ஸிலிருந்து அசெம்பிளிக்கும் வைண்டிங்கிலிருந்து அசெம்பிளிக்கும் போகும் சரக்குக்கு அவர் சொல்வதே சரி. கணக்கு எளிது: நாளைக்கு 60 இம்பெல்லர், நிரப்ப மூன்று நாள், காப்புக்கு 25 சதவீதம், ஒரு டப்பாவில் 25 என்றால், 60-ஐ 3-ஆலும் 1.25-ஆலும் பெருக்கி 25-ஆல் வகுக்க, ஒன்பது டப்பா, ஒன்பது அட்டை. பத்தாவது டப்பாவுக்கு இடமே வைக்காதீர்கள். இதற்கு ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒருவர் கணினியில் போய்ப் பதிய வேண்டியதில்லை; பம்ப் டெஸ்டிங் முடிந்ததும் பாகப் பட்டியலின்படி முப்பது பாகத்தையும் மொத்தமாகக் கழித்துக்கொள்ளும் வசதி பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு. ஒரு நிபந்தனை: உடைந்ததும் பழுதென்று ஒதுக்கியதும் தனியாக அன்றன்றே பதியப்பட வேண்டும், குறிப்பாக வைண்டிங் செம்புக் கம்பியில். இல்லையென்றால் மேலே சொன்ன 98 சதவீதக் கதை திரும்பிவிடும்.

அட்டைக்குக் கண் இல்லாத இடமும் உண்டு. விவசாயப் பம்புக்குத் தேவை பிப்ரவரியிலிருந்து ஏறி, மழை தொடங்கினால் இறங்கும். அட்டை நேற்று எடுத்ததைத்தான் அறியும். பிப்ரவரியின் ஏற்றத்தை டிசம்பரில் சொல்லாது. பவுண்டரிக்கும் ஸ்டாம்பிங்குக்கும் (மோட்டார் தகடு) பேரிங்குக்கும் இரண்டு மூன்று மாதம் முன்பே உத்தேச எண்ணிக்கை சொல்வது எம்.ஆர்.பி.யின் வேலை. ஆகவே நான் பரிந்துரைப்பது: மாதத்துக்கு ஒருமுறை மென்பொருள் முன்னோக்கிக் கணக்கிட்டுச் சப்ளையர்களுக்கு உத்தேசம் சொல்லட்டும், அட்டைகள் எத்தனை என்பதையும் அதே கணக்கு திருத்தட்டும், ஆனால் இன்று எதைச் செய்வது, எதை அனுப்பச் சொல்வது என்பதை அட்டை சொல்லட்டும்.

டீலர் பக்கம் ஒன்றை மட்டும் குறிப்பிட்டுக் கடக்கிறேன். கடையில் விற்பனை சிறிது ஏறினால் டீலர் ஆர்டர் அதைவிட அதிகமாக ஏறும், தொழிற்சாலையின் கொள்முதல் அதையும்விட அதிகமாக ஏறும் என்பதை 1961-லேயே ஜே ஃபாரெஸ்டர் விளக்கியிருக்கிறார். மார்ச் மாதத்தில் நாமே ஸ்கீம் போட்டு டீலர் குடோனை நிரப்பிவிட்டு, ஏப்ரலில் ஆர்டர் இல்லை என்று கவலைப்படுவதும் இதே நோய். டீலரின் ஆர்டரைக் காட்டிலும் அவரது கடை விற்பனையை மென்பொருளில் வாங்க முடிந்தால் திட்டம் நிதானப்படும். பத்து டீலர்களில் மூவர் தந்தாலும் போதும்.

சரக்கே வைக்கக் கூடாது என்று லீன் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். 1997 பிப்ரவரி 1 அன்று ஐசின் நிறுவனத்தின் காரியா ஆலையில் தீப்பிடித்தபோது, பிரேக்குக்கான ஒரு சிறிய வால்வு இல்லாமல் ஜப்பானில் டொயோட்டாவின் ஆலைகள் சில நாள் நின்றன. மற்ற சப்ளையர்கள் திரண்டு செய்து கொடுத்ததால்தான் விரைவில் மீண்டன. 2011 நிலநடுக்கத்துக்குப் பின் அதே டொயோட்டா மின்னணுச் சில்லுகளுக்கு மாதக்கணக்கில் இருப்பு வைக்கச் சொன்னது. ஒரே இடத்தில் மட்டும் கிடைப்பது, நீண்ட தூரத்திலிருந்து வருவது ஆகியவற்றுக்கு இருப்பு வேண்டும். பக்கத்துத் தெருவில் எட்டு நாளில் கிடைக்கும் வால்யூட்டுக்கு ஒரு மாத இருப்பு வேண்டாம். நம் பகுதியில் எல்லாவற்றையும் குவிக்கும் பழக்கம் 2012-ஐ ஒட்டிய கடும் மின்வெட்டு ஆண்டுகளில் வேரூன்றியது என்று நினைக்கிறேன். அது அப்போது நியாயமானது. மின்சாரம் சீரான பிறகும் எண்கள் பழையபடியே இருக்கின்றன.

இனி ஐயத்துக்குரியவை. இருப்பு பாதியாகும் என்ற வாக்குறுதியை நான் நம்பவில்லை, பொய் என்று சொல்லவும் மாட்டேன். மென்பொருள் வந்த ஆண்டில்தான் பலர் முதல்முறையாகக் குடோனை எண்ணுகிறார்கள், பயனற்றதைக் கழிக்கிறார்கள், சப்ளையரோடு பேசுகிறார்கள். குறைந்த சரக்கில் எந்தப் பங்கு எதனால் என்று பிரிக்க முடியாது. என் கணிப்பில் எண்ணியதன் பங்குதான் பெரிது. அட்டைக்குப் பதிலாகப் பார்கோடு, மொபைல் என்று போவது தொலைவில் உள்ள சப்ளையருக்குப் பயன்படும். ஐம்பது அடி தூரத்துக்கு அட்டையே மேல் என்பது என் எண்ணம், ஆனால் வேறு விதமாக நடத்தி வெற்றி கண்டவர்களும் இருக்கிறார்கள். திருப்பூர் பற்றி: அங்கே ஒவ்வொரு ஆர்டருக்கும் துணியும் நிறமும் வேறு என்பதால், எடுத்ததை நிரப்பும் கான்பான் துணிக்குப் பொருந்தாது என்றும், லைனுக்குள் பீஸ் நகர்வதற்கு மட்டுமே பொருந்தும் என்றும் கருதுகிறேன். மைத்துனர் என்னைத் திருத்தலாம்.

பணத்துக்கு வருவோம். டேலியில் பாகப் பட்டியலும் ஜாப் ஒர்க் பதிவும் மறு ஆர்டர் அளவும் உண்டு. ஆடிட்டர் சொல்வது பாதி சரி. தேதிவாரியாகத் தேவையை விரித்துக் காட்டும் எம்.ஆர்.பி. வேண்டுமென்றால் வேறு மென்பொருள் தேவை, ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட், ஓடூ போன்றவற்றின் திறந்த மூலப் பதிப்புகளுக்கு உரிமக் கட்டணம் இல்லை, அமைத்துக் கொடுப்பவருக்கான கூலி உண்டு. எதை வாங்கினாலும் விலைப்பட்டியலில் இல்லாத செலவு ஒன்று இருக்கிறது: லீட் டைமையும் பேட்ச் அளவையும் மாதந்தோறும் திருத்துவதற்கென்று, சம்பளம் தந்து, அதிகாரமும் தந்து ஓர் ஆள். அவரை முதலில் தேர்ந்தெடுங்கள், முடிந்தால் ஸ்டோர்ஸிலிருந்தே. லீன் ஆலோசனைக்கு மத்திய அரசு 2023 மார்ச்சில் புதுப்பித்துத் தொடங்கிய எம்.எஸ்.எம்.இ. லீன் திட்டத்தில் ஆலோசகர் கட்டணத்தில் 90 சதவீதம் வரை அரசு ஏற்கிறது, அதை விசாரியுங்கள்.

மென்பொருள்காரருக்கு முன்பணம் தருவதற்கு முன், அதிகம் விற்கும் ஒரே ஒரு மாடலை எடுத்துக்கொண்டு, அதன் முப்பது பாகமும் குடோனில் எத்தனை, எந்தெந்தப் பட்டறையில் எத்தனை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் எண்ணுங்கள். அந்தத் தாளோடு அவரைக் கூப்பிட்டு, அவருடைய மாதிரித் தரவில் இல்லாமல் உங்கள் தரவில் மூன்றைக் காட்டச் சொல்லுங்கள். சலான் 412-இல் போன 100 இரண்டு தவணையில் வேறு பாகத்தோடு கலந்து வந்து, மூன்று கழிந்து, அந்த மூன்றும் இரண்டு வேறு கணக்கில் ஏறுவது எப்படி? வரம்பைத் தாண்டிய சலானையும் மைனஸ் இருப்பையும் அது நிறுத்துகிறதா? பவுண்டரியின் லீட் டைமை 21-லிருந்து 8 ஆக்கினால் எந்தெந்த ஆர்டர் எத்தனை நாள் தள்ளிப் போகிறது? மூன்றையும் அவர் உங்கள் முன்னால் செய்து காட்டினால் விலையைப் பேசுங்கள். முதலாவதிலேயே "அது கஸ்டமைசேஷன்ல வரும் சார்" என்றால், இந்த ஆண்டு டேலியில் ஜாப் ஒர்க் கணக்கைச் சரிசெய்து, உள்ளே ஒன்பது டப்பாவோடு தொடங்குங்கள். எண்ணிய தாளை, பெயர்களை நீக்கிவிட்டு, இங்கே போட்டால், எந்தப் பாகத்திலிருந்து தொடங்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.